நாலு மணிக்குப் படிக்கட்டில் உட்காராதே

மெர்சிக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முந்தாநாள் ஜெப நேரத்தில் உன் முகத்தைப் பார்த்த பிறகு, நீ நலமாயிருக்கிறாய் என்று நானாக எழுதிக்கொள்ள மனம் வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். நம் வீட்டில் தனியாகப் பேச இடம் ஏது? ஜன்னலோரத்தில் மட்டும்தான் டவர் கிடைக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்காவின் வாசல், அதற்கடுத்து இன்னொரு வாசல். இப்படிச் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒருத்தி இருமினால் கடைசி வீடு வரைக்கும் கஷாயம் வைத்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை, மெதுவாகத்தான் போகும். நீயும் மெதுவாகவே படி. உன் ஆபீஸ் காகிதங்களைப் படிப்பது போல ஒரே ஓட்டமாக ஓடிவிடாதே. எழுதி முடித்ததும் உன் அண்ணி ரோஸ்லின் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நீ எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து நம் வீட்டு ஜெபத்தில் வேதம் வாசிப்பது நீதான். உன் அப்பா இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். நான் வாசித்தால் ஒரு அதிகாரம் முடிவதற்குள் அடுப்பிலிருக்கும் சோறு குழைந்துவிடும். அதனால் விமானத்துக்குப் புறப்பட்ட அன்று, நெடும்பாசேரியில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, "ஜெபத்துக்கு மட்டும் நான் வந்துருவேம்மா, நீ கவலப்படாத" என்று நீ சொன்னபோது, அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் ரோஸ்லின் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். நீ சங்கீதம் வாசித்தாய். ஜன்னல் வழியாகப் பாக்கியம் அக்கா கேட்டிருக்கிறாள். மறுநாள் பாயோடு வந்துவிட்டாள். அடுத்த வாரம் வீட்டில் உட்கார இடமில்லை, ரெண்டு பேர் வாசல்படியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "ஜெனீவாவுல இருந்து பிள்ள வேதம் வாசிக்கா பாரு" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நான் போனின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

உன்னை அவர்கள் ஆபீஸர் என்றார்கள். உலக நாடுகளெல்லாம் சேர்ந்து நடத்துகிற ஒரு பெரிய இடத்தில் நீ இன்டர்ன் என்று ரோஸ்லின் எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தாள். ஆறு மாதம் வேலை பழகப் போயிருக்கிறாய், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால், மூணாறில் தையல் பயிற்சிக்குப் போவதைப் போல நினைத்துவிடுவார்களோ என்று நான் வாயை மூடிக்கொண்டேன். கோவிலில் போதகர் ஐயர் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது, பின்னாலிருந்தவர்கள் என்னைப் பார்க்கட்டும் என்று முக்காட்டைச் சரிசெய்வது போலத் திரும்பினேன். நான் பெருமைக்காரிதான். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அப்படித்தான் இருப்பேன், அது வேறு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே ஏழரை என்றால் அங்கே மணி என்ன? உன் முகத்துக்குப் பின்னால் வெளிச்சமாக இருக்கும். அந்த ஊரில் பொழுது சாய நேரமாகும் போல என்று நினைத்துக்கொண்டேன். நீயும் சொல்லவில்லை. நாங்கள் பாடத் தொடங்கும்போது போனில் வருவாய், வாசிப்பாய், நாங்கள் கண்ணை மூடுவோம், நான் ஜெபிப்பேன். நான் ஜெபிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்துகிறவள் இல்லை, உனக்கே தெரியும். இந்த லயத்தில் யாருக்குக் காய்ச்சல், யார் மகன் திருப்பூரில் வேலை தேடுகிறான், யாருக்குத் தோட்டத்து மஸ்டரில் வேலைக்குப் பெயர் விழவில்லை என்று எல்லாவற்றையும் கர்த்தருக்கு விளக்கமாகச் சொல்லித்தான் முடிப்பேன். இடையிடையே உன் குரல் "ஆமென், ஆமென்" என்று கேட்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

முந்தாநாள் நல்ல மழை. தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஜெபத்தின் நடுவில் சீனி டப்பா நகர்ந்து போன் சரிகிற சத்தம் கேட்டது. விழுந்து உடைந்துவிடப் போகிறதே என்று கண்ணைத் திறந்து கையை நீட்டினேன். ஜெபத்துக்கு நடுவில் நான் கண்ணைத் திறந்தது அன்றைக்குத்தான்.

நீ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். ஆபீஸின் உள்படிக்கட்டு போலிருக்கிறது, சாம்பல் நிறச் சுவர், இரும்புக் கைப்பிடி. மடியில் லேப்டாப் திறந்திருந்தது. ஒரு கையால் என்னவோ தட்டிக்கொண்டே "ஆமென்" சொன்னாய். அப்போது உனக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி, ரெண்டு கையிலும் ரெண்டு கோப்பை. கதவுக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் பேசிச் சிரிக்கிற சத்தம் மழையையும் மீறி ஒரு நொடி இங்கே வந்தது. அவள் தலையைச் சாய்த்து, வாயேன் என்று உன்னைக் கூப்பிட்டாள். நீ சிரித்துக்கொண்டு தலையாட்டினாய், வரவில்லை என்று. அவள் ஒரு கோப்பையை உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் போன பிறகும் உன் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. பார்க்க ஆளில்லாத சிரிப்பு. அப்புறம் அதுவும் போனது. நீ போனைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்தான் முதலில் கண்ணை மூடினேன், மெர்சி. என்ன செய்வதென்று தெரியவில்லை. எப்படி முடிப்பதென்றும் தெரியாமல், ஏற்கெனவே ஜெபித்தவர்களுக்கே மறுபடியும் ஜெபித்துக்கொண்டிருந்தேன். நீயும் மறுபடியும் ஆமென் சொன்னாய்.

எல்லாரும் எழுந்து போனதும் உன் அண்ணன் மகள் ஜெனி என் மடியில் வந்து ஏறினாள். நாலு வயசு, அவளுக்குக் கண்ணை மூடி உட்காரச் சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. "பாட்டி, நீயும் இன்னைக்குக் கண்ணத் தொறந்துட்ட, நான் பாத்தேன்" என்றாள். "அத்தையப் பாத்தியாடி?" என்று கேட்டேன். "தெனமும்தான் பாக்கேன். அத்த அந்தப் படியிலதான் உக்காந்திருக்கும். அந்த அக்கா காப்பி குடிக்கக் கூப்பிடும், அத்த வரலைன்னு சொல்லும். அந்த அக்கா பாவம்." அவள் உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போகிறவளைத்தான் பாவம் என்றாள். கூடத்தில் இத்தனை பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, தினமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தை மட்டும்தான்.

அப்புறம்தான் ரோஸ்லினிடம் கேட்டேன், அங்கே மணி என்ன என்று. "சாயங்காலம் நாலு அத்தே. ஆபீஸ்ல எல்லாரும் எந்திரிச்சு ஒண்ணா காப்பி குடிக்கிற நேரமாம்" என்றாள். "என்ட்ட ஏன் சொல்லலை?" என்றேன். "சொல்லக்கூடாதுன்னு மெர்சி சத்தியம் வாங்கிருச்சு" என்றாள். காபி நேரத்தை எங்களுக்குத் தந்துவிட்டு, என் ஜெபம் நீண்டதில் விட்டுப்போன வேலையை ஆறு மணிக்கு மேல் இருந்து முடிப்பாயாம். வெள்ளிக்கிழமை மற்றவர்கள் ஏரிக்கரைக்குப் போகும்போதும் நீ போவதில்லையாம். எல்லாரும் வேலை முடித்து ஒன்றாகப் போகிறார்கள், உனக்கு மட்டும் மீதி இருக்கும். போய் மூன்று மாதமாகிறது. உன்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் அங்கே யாராவது இருக்கிறார்கள். உனக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது.

போன மாதம் நீ கேட்டாயே, "நான் திரும்பி வந்துரட்டுமாம்மா?" என்று. வேலை கடினம் போல என்று நினைத்தேன். உடனே, "எங்க வருவ? இந்த வீடு நம்ம வீடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது உண்மைதான். இது தேயிலைக் கம்பெனி வீடு, வேலைக்கு ஆள் இருந்தால்தான் வீடு. இந்த வருஷக் கடைசியில் எனக்கு வேலை முடிகிறது. ரோஸ்லின் தன் பெயரை மஸ்டரில் கொடுத்ததால்தான் கூரை நிற்கிறது. பி.காம். படித்தவள், காலையில் பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறுகிறாள். இந்தக் கூரைக்குக் கீழே நீயும் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பயந்து சொன்னேன். ஆனால் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? இங்கே வர இடமில்லை, அங்கே உட்கார ஆளில்லை. நடுவில் ஒரு படிக்கட்டுதான் மிச்சம். நான்தான் உன்னை அதில் உட்கார வைத்திருக்கிறேன் என்று முந்தாநாளிலிருந்து என் மனம் அடித்துக்கொள்கிறது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை உன்னிடம் சிரிப்புக் கதையாகப் பாதிதான் சொல்லியிருக்கிறேன், ஆனையிடமிருந்து ஓடிவந்தேன் என்று. நான் கல்யாணமாகிச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்த புதிதில், யாரோடும் ஒட்டவில்லை. காலையில் டீ நேரத்துக்கு எல்லாப் பெண்களும் கூடையை இறக்கிவிட்டு ஒரு மரத்தடியில் பால் ஊற்றாத கட்டன்சாயா குடிக்க உட்காருவார்கள். நான் மட்டும் தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பேன். சூப்பர்வைசர் பார்த்து நல்லவள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பாக்கியம் அக்கா அப்போது நல்ல வாட்டசாட்டமாக இருப்பாள். "ஏ புதுப்பொண்ணு, வந்து ஒரு மடக்கு குடிச்சிட்டுப் போ. செடி எங்கயும் ஓடிப் போயிராது" என்று கத்துவாள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். முந்தாநாள் நீ ஆட்டினாயே, அதே தலையாட்டல்தான், எங்கிருந்து கற்றாய் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து எல்லாரும் மேல்பாதை வழியாகச் சுற்றிப் போனார்கள். இவர்களுக்கென்ன பைத்தியமா என்று நான் குறுக்குவழியில் ஓடைப்பக்கம் இறங்கினேன். மூடுபனி. முன்னால் ஒரு பாறை. அந்தப் பாறை காதை அசைத்தது. பக்கத்தில் குட்டிப் பாறையும் ஒன்று. கூடையை எறிந்துவிட்டுத் தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். எழுந்தால் அது பார்க்கும், நகர்ந்தால் செடி சலசலக்கும். இடுப்பளவு சேற்றில் ரெண்டு பக்கமும் செடி அடைத்துக்கொண்டிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைசியில் தகரத்தைத் தட்டிக்கொண்டு பெண்கள் கூட்டம் வந்தது. ஆனை தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு கோபமில்லாமல் போய்விட்டது. கோபம் பாக்கியம் அக்காவுக்குத்தான். "ஓடையில ஆனை நிக்குன்னு காலையிலயே எல்லாருக்கும் தெரியும்டி. டீ குடிக்கையில பேசினோம்லா? நீதான் மகாராணி, எங்ககூட உக்கார மாட்டியே!" என்று திட்டிக்கொண்டே என் பாவாடையிலிருந்த அட்டைகளைப் பிய்த்துப் போட்டாள்.

மறுநாளிலிருந்து நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். கொழுந்து கொஞ்சம் குறைந்தது. யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. உன்னைப் பெறும் நேரத்தில் ஜீப் கிடைக்காத அன்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியது அந்த மரத்தடியில் உட்கார்ந்தவர்கள்தான். உன் ஆபீஸிலும் எங்கோ ஒரு ஆனை நிற்கும், மெர்சி. எந்த அதிகாரி எதற்குச் சுணங்குவார், எந்த இடத்தில் ஆள் தேவைப்படுகிறது, யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்பதையெல்லாம் உன் லேப்டாப்பில் யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பேசும்போதுதான் சொல்வார்கள். அதற்காக மட்டும் போய் உட்காரச் சொல்லவில்லை. காரியத்துக்காக உட்காருகிறவளை யாருக்கும் பிடிக்காது. சிரிக்கப் போ. உன் சிரிப்பைப் பார்க்க ஆளிருக்கிற இடத்துக்குப் போ.

சின்ன வயதில் லயத்துப் பிள்ளைகள் வெளியே விளையாட, உன்னைக் கதவைச் சாத்திப் படிக்க வைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கதவை எப்போது திறந்து வெளியே வர வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது சொல்கிறேன். எங்களுக்கு ஃபாக்டரியில் சங்கு ஊதும். ஊதினால் கையில் இருக்கிற கொழுந்தோடு நிறுத்திவிடுவோம், செடியில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. உனக்கு அங்கே யாரும் சங்கு ஊத மாட்டார்கள், நீயே ஊதிக்கொள்ள வேண்டும். ஒரு வேலையை நாளைக்கு வைத்ததால் எந்த நாடும் கவிழ்ந்துவிடாது.

அண்ணி மழையில் மலையேறும்போது நான் இங்கே காபி குடித்துச் சிரிக்கவா என்று அவளிடம் கேட்டாயாமே. அதற்கு அவள் சொன்ன பதிலை அவள் வாயாலேயே எழுதச் சொன்னாள்: "ஏ மெர்சி, நீ அங்க படியில குத்தவச்சிருந்தா இங்க என் தலச்சுமை குறைஞ்சிருமா? போய்க் குடி. குடிச்சிட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. எனக்காவது கேக்க நல்லா இருக்கும்." அவள் சொல்வதில் கோபமில்லை. ஆனால் அதை எழுதும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மகளுக்குக் கதவைத் திறந்துவிட இன்னொருத்தி மகள் உள்ளே நிற்கிறாள்.

நேற்று சாயங்காலம் "இன்னைக்கு டவர் இல்லை" என்று உனக்குச் செய்தி போகச் சொன்னது நான்தான். டவர் இருந்தது. எல்லாரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து சீனி டப்பாவையே பார்த்தார்கள். பாக்கியம் அக்கா, "என்ன பிள்ள, ஆபீஸர் அம்மா இன்னும் வரக் காணோம்?" என்றாள். இத்தனை நாள் கூட்டிவைத்த சத்தத்தை நானே குறைக்க வேண்டும். "அவ ஆபீஸர் இல்லக்கா. வேலை பழகப் போயிருக்கா. இந்த நேரத்துல அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து காப்பி குடிப்பாங்களாம். இவ நமக்காகத் தனியா படிக்கட்டுல உக்காந்து வாசிச்சிருக்கா" என்றேன். யாராவது ஏளனமாக ஒரு சொல் சொல்லிவிடுவார்கள், அதோடு என் பெருமை முடிந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா பொக்கைவாயைத் திறந்து, "கட்டன் குடிக்கிற நேரமா? அட மூதேவி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ஆனை நிக்குற எடம் தெரியாமப் போயிரப்போவுது பிள்ளைக்கு!" என்றாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நேற்று நான்தான் வேதம் வாசித்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி. நடுவில் ஜெனி தூங்கிவிட்டாள், சோறும் குழைந்துவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. ஜெபத்தில் உன் பெயரைச் சொன்னபோது ஆமென் சொல்ல உன் குரல் இல்லை. அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். பழகிக்கொள்வேன்.

இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வைத்துக்கொண்டால் இரு. அனுப்பினால் வா. இந்த வீடு இருக்கிற வரைக்கும் இது உன் வீடு, அது போனால் நான் எங்கே பாய் விரிக்கிறேனோ அங்கே உனக்கும் இடமுண்டு. அன்றைக்கு நான் சொன்னதைக் கழுவிவிடு. ஆனால் வந்தாலும் நாலு பேரோடு பழகிவிட்டு வா, படிக்கட்டிலிருந்து எழுந்து நேராக வராதே. அந்தச் சுருட்டை முடிக்காரப் பெண்ணின் பெயர் என்ன? இத்தனை நாளில் ஜெபிக்கச் சொல்லி நீ தந்த பெயர்களில் அவள் பெயர் ஒருநாளும் வரவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன காபியைக் குடித்தாயா, ஆறிப்போக விட்டாயா? நாளைக்கு அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நீ போய் அவளைக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் நீ எழுந்திருக்கிற நேரம் பார்த்துப் பேசு, வெறும் கதை பேசலாம். மற்ற நாள் ஏழரைக்கு எனக்கு போன் அடிக்காதே, மெர்சி. சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்காதே. அடித்தால் நான் எடுத்துவிடுவேன்.

உன் அம்மா.